கேமராவுக்குப் பின்னால் சிரித்தவள்

குவைத்திலிருந்து திரும்பி வந்த அன்று அம்மா என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கட்டிப் பிடித்தாள். வேன் வந்து நின்றதும் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஓடினோம். அம்மா இறங்கி எங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராக அந்தப் பிள்ளையிடம் போய் இரண்டு கையாலும் அள்ளி முகமெல்லாம் முத்தமிட்டாள். அந்தப் பிள்ளை பயந்து அழுதது. அத்தைதான் என் தோளைப் பிடித்து முன்னே தள்ளி, "உம் புள்ள இது" என்றாள்.

தவறான பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று போர்டைத் திரும்பப் படிப்பவளைப் போல அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னையும் கட்டிப் பிடித்தாள். அவள் மேல் எங்கள் வீட்டில் இல்லாத ஒரு வாசனை இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

என் வயதுக்காரர்கள், அதிலும் இலங்கைத் தேயிலை மலையில் லயங்களில், அந்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், இதைப் படித்து ஆச்சரியப்பட மாட்டீர்கள். உங்களிலும் எத்தனையோ பேருடைய அம்மாக்கள் உங்களுக்குப் பால்பல் விழுவதற்கு முன் விமானம் ஏறிப் போய், நீங்கள் தாவணிக்கோ மீசைக்கோ பக்கத்தில் வந்த பிறகுதான் திரும்பியிருப்பார்கள். அந்தக் கதைகளை நாம் யாரும் எழுதி வைக்கவில்லை. போன மாதம் என் மகள் தன் பிள்ளையைப் படம் பிடிக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது நல்லது என்று என்னிடம் கேட்டாள். பிறகு அவளே, "ஒங்களுக்கு இதெல்லாம் என்னா தெரியப் போகுது" என்றும் சொல்லிக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேமராதான். அது எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் அதை ஒருவரும் நம்பவில்லை. அதை வாங்கியவளையும் நம்பவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அவருடைய ஸ்வெட்டரை உதறினால் தேயிலைத் தூள் கொட்டும். அம்மா போன பிறகு அப்பாவின் அக்கா எங்களோடு வந்து தங்கினாள். அவளைத்தான் நான் அத்தை என்று சொல்கிறேன். ஒரே கம்பளிக்குள் அத்தையும் நானும்தான் படுப்போம். அம்மா வந்த பிறகு அத்தை தன் பாயை அடுப்படிக்குக் கொண்டு போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகப் போய்ப் படுத்துக்கொண்டு, அங்கிருந்து எல்லாவற்றையும் கவனித்தாள்.

அம்மாவின் பெட்டியில் சவர்க்காரங்களுக்கும் பால்மா டின்களுக்கும் நடுவே ஒரு புத்தகம் இருந்தது. வழுவழுப்பான தாளில் முழுக்க முழுக்க வீடியோ கேமராக்களின் படம். எழுத்து எங்களுக்குத் தெரியாத எழுத்து. கொழுந்து பறித்து முடித்து வந்து, கை கால் கழுவி, அம்மா தினமும் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவாள். லயத்தில் மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் பேன் பார்ப்பார்கள், கதை பேசுவார்கள். அம்மா அவர்களோடு சேரவில்லை. சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்ததால் எப்படிச் சேர்வது என்று மறந்து போயிருக்கலாம். அப்போது எங்களுக்கு அது பெருமை பிடித்த குணமாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் அப்பா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னாள். "ஒரு வீடியோ கேமரா வாங்கணுங்க."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "என்னாத்துக்கு?"

"படம் புடிக்க."

"யார?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அடுப்படியில் ஊதிக்கொண்டிருந்த அத்தை ஊதுவதை நிறுத்தினாள்.

மறுநாளே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இதுதான் பேச்சு. கல்யாண வீடுகளுக்குப் போய்ப் படம் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறாள் என்றார்கள். லயத்தைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். கேமராவுக்கு உடுப்பைத் தாண்டியும் தெரியும் என்று ஒருத்தி சத்தியம் செய்தாள். பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்டோர் பக்கமோ தொரை பங்களாப் பக்கமோ கேமராவோடு யாரும் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கேமரா இன்னும் வாங்கப்படவே இல்லை.

அத்தை எல்லோரையும்விடத் தெளிவாக இருந்தாள். என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "போறவளுக்குத்தான் படம் வேணும். இருக்கிறவளுக்கு எதுக்குப் படம்?"

அன்றிலிருந்து அம்மா எதை எடுத்து வைத்தாலும், எதை மடித்து வைத்தாலும், போவதற்கு ஆயத்தம் செய்கிறாளோ என்று நான் பார்க்கத் தொடங்கினேன்.

கேமரா பார்க்க அப்பா, அம்மா, நான் மூவரும் ஹட்டன் டவுனுக்குப் போனோம். பஜார் ஏற்றத்தில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. ரேடியோ, டெக், கடிகாரம் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வந்து விற்கும் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். கேமராக்களைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து உள்ளே ஒரு மின்குமிழை எரிய விட்டிருந்தார். பனிக்கு அது வேண்டும் என்றார்.

முதலில் தோளில் தூக்கி வைக்கும் பெரிய கேமரா ஒன்றைக் காட்டினார். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. துவக்கைப் பிடிப்பது போலப் பிடித்துப் பார்த்தார். "பெருசா இருந்தாத்தான் படம் பெருசா வரும்" என்றார். அம்மா அதை வாங்கி, மூடியைக் கழற்றி, லென்ஸை மின்குமிழுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"உள்ள பூஞ்சணம் புடிச்சிருக்கு நானா."

நானா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் பார்த்தார். "இந்த ஊர்ப் பனிக்கு எந்தக் கண்ணாடி தப்பும் மகள்? படத்தில தெரியாது."

"இப்பத் தெரியாது. அடுத்த மழைக்குத் தெரியும்."

எனக்கும் பார்க்கக் கொடுத்தாள். கண்ணாடிக்குள் வெள்ளை நூலை உதிர்த்துப் போட்டது போல ஏதோ இருந்தது. இரண்டாவது கேமராவைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தாள். பெட்டரியைக் கழற்றி மாட்டினாள். அது சூடாகிறது என்று திருப்பிக் கொடுத்தாள்.

நானா சலித்துக்கொள்ளவில்லை. "எப்பிடியானது வேணும், சொல்லுங்க."

"பாரம் இல்லாம இருக்கணும். லயத்து வீட்டுக்குள்ள இருட்டு, லைட்டு போடாமலே முகம் தெரியணும். ஒரு பட்டன அமுக்குனா போதும்னு இருக்கணும். ஒண்ணும் தெரியாதவங்களும் எடுக்கிற மாதிரி."

ஒன்றும் தெரியாதவர் யார் என்று அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கவனிக்கவில்லை.

"தொழிலுக்கா, வீட்டுக்கா?" என்று நானா கேட்டார்.

"வீட்டுக்குத்தான். புள்ளைய எடுக்க."

நானா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கடைக்கு உள்ளே போனார். வர நேரமானது. வந்தபோது கையில் துவாய்த் துண்டில் சுற்றிய சிறிய கேமரா ஒன்று இருந்தது. ஒரு கையில் அடங்கும் அளவுதான். சுத்தமாக இருந்த அதை மறுபடியும் சட்டை நுனியால் துடைத்தார்.

"இது விக்க வெச்சதில்ல. குடுக்கிறதா வேணாமா எண்டு யோசிச்சிட்டே இருந்த சாமான். நீங்க வீட்டுக்கு எண்டு சொன்னதால தாறேன். உள்ள ஒரு கெசட்டும் கிடக்கு, வெச்சுக்கோங்க."

அம்மா லென்ஸைப் பார்த்தாள். நூல் இல்லை. பட்டனை அமுக்கிக் கண்ணை வைத்தாள். கேமராவைக் கொடுத்த பிறகும் நானாவின் கை மேசையில் நீட்டியபடியே இருந்தது. இதையெல்லாம் அப்பாவும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான். பஸ் றொசல்ல ஊரைத் தாண்டியது. பிறகு அப்பா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார். "அலுமாரியில இல்லாதத ஒனக்கு மட்டும் எதுக்கு உள்ள இருந்து எடுத்தாந்து குடுத்தாரு?"

"எனக்கு என்னா தெரியும்?"

"முன்னாடியே பழக்கமா?"

"இன்னைக்குத்தாங்க அந்தக் கடைக்குள்ள கால் வச்சேன்."

"கண்ணாடிக்குள்ள பூஞ்சணம் பாக்கிறதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"வேல செஞ்ச வீட்டுல. அந்தப் புள்ளைங்கள நான்தான் எடுப்பேன். மொத மொத நடந்தது, பல்லு விழுந்தது, எல்லாம் நான்தான் எடுத்தேன். அவங்க அம்மாவுக்கு நேரமில்ல."

அப்பா அந்தப் பதிலை நம்பினாரா என்று தெரியவில்லை. நான் நாக்கால் என் முன்பற்களைத் தடவிக்கொண்டேன். என் பல் விழுந்தபோது அத்தைதான் அதைக் கூரையில் எறிந்தாள்.

அம்மா கெசட்டை ஆரம்பத்துக்குத் திருப்பிச் சுற்றி வைத்து என்னை எடுக்கத் தொடங்கினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் என் முதுகை எடுப்பாள், ஜடையை எடுப்பாள். நான் ரொட்டி தின்பதை, பீலியில் கால் கழுவுவதை, பாடம் எழுதும்போது வாய் கோணுவதை எல்லாம் தூரத்தில் நின்று எடுத்தாள். திரும்பிப் பார்த்தால் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அப்பா கேமராவைக் கண்டாலே எழுந்து வெளியே போவார். அம்மன் கோவில் திருவிழாவுக்கு அம்மா காவடியை எடுக்க வந்தபோது வயசான கங்காணி ஒருவர் குடையை விரித்து மறைத்தார். அம்மா குடையையும் சேர்த்து எடுத்தாள்.

எடுத்ததைப் போட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் எல்லோருக்கும் இருந்தது. எங்கள் பக்கத்தில் டிவி இருந்தது தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயா வீட்டில்தான். திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வரச் சொன்னார். ஐயாவும் அவர் சம்சாரமும் நாற்காலியில் இருந்தார்கள். நாங்களும் லயத்தில் பாதிப் பேரும் தரையில் உட்கார்ந்தோம். அம்மா மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும் டிவிக்குப் பின்னால் செருகினாள்.

டிவியில் என் முதுகு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். என் முதுகு அவ்வளவு கூனல் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காவடி வந்தது. குடை வந்தது. கங்காணியே சிரித்துவிட்டார். எங்கள் லயம், எங்கள் பீலி, எங்கள் பனி எல்லாம் டிவிக்குள் இருந்தன. அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் கொஞ்சம் பெருமையாக இருந்தார் என்றே நினைக்கிறேன்.

அம்மா எடுத்தது முடிந்தது. திரை புள்ளி புள்ளியாகக் கொதித்தது. அம்மா நிறுத்த எழுந்திருப்பதற்குள் வேறு ஒரு படம் வந்தது.

வெள்ளைத் திரை போட்ட ஜன்னல். அதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு மனிதர். பெனியன், சாரம். நாற்பது வயதிருக்கும். ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழத்தோலைப் பல் போல வெட்டி, உதட்டுக்குள் செருகிக்கொண்டு, பூதம் போலக் கண்ணை உருட்டினார். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மேலே மேலே ஏறிப் போகிற சிரிப்பு. படமே குலுங்கியது. அந்த மனிதர் தோலைத் துப்பிவிட்டு, "போதும், வை அத" என்றார். அவ்வளவு அன்பாக ஒரு ஆண் பேசி நான் கேட்டதில்லை.

ஐயா எழுந்து டிவியை நிறுத்தினார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அவர் சம்சாரம் யாரையும் பார்க்காமல் சொன்னார். யாரும் குடிக்கவில்லை. அம்மா வயர்களை அவசர அவசரமாகக் கழற்றிச் சுற்றினாள். அது குற்றத்தின் அவசரம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அப்பா கேட்டார். "யாரு அது?"

"எனக்குத் தெரியாது. அந்தக் கெசட்டு கேமராவோட வந்தது. பழசு."

"குவைத்துல தமிழ் டிரைவருங்க இருக்காங்கதானே."

"இருக்காங்க. இது அங்க இல்ல."

"கேமராவ அங்கயே வாங்கி, அந்த ஆளு மூலமா கடைக்கு அனுப்பி, இங்க வாங்குற மாதிரி காட்டிருக்க. அதுதான் உள்ள இருந்து வந்துச்சு."

"கடையில போய்க் கேளுங்க."

"அவரு ஒனக்காகத்தான பேசுவாரு."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா குரலைத் தாழ்த்திக் கடைசியாகச் சொன்னார். "சிரிச்சது நீதான். ஒன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாராவது ஒருவர் இல்லை என்று சொல்வோம் என்று காத்திருந்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். அம்மா சிரித்து நான் கேட்டிருக்கிறேனா? வந்ததிலிருந்து புன்னகைத்திருக்கிறாள். சத்தமாக ஒருதரமும் இல்லை. கல்யாணமாகி மூன்று வருடத்தில் போனவள் அவள். அந்த மூன்று வருடமும் அப்பா இரவு வேலை, அவள் பகல் வேலை. அப்பா தெரியும் என்று சொன்னார். உண்மையில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அவள் சிரிப்பு தெரியாது. இது எனக்கு இப்போது எழுதும்போது விளங்குகிறது. அன்று நானும் அது அம்மாவின் சிரிப்புத்தான் என்று நம்பினேன். எங்களிடம் சிரிக்காமல் வேறு யாரிடமோ சிரித்திருக்கிறாள் என்றுதான் எனக்குக் கோபம்.

அதற்குப் பிறகு அப்பா இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பீலிக்கரையில் அம்மா வந்தால் குடங்கள் நகர்ந்தன. அம்மா ஒருநாள் கொழும்புக்குப் போய் வந்தாள். ஏஜென்சிக்குத்தான். போவது நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தாள். அன்றிரவுக்குச் சமைத்துக்கொண்டிருந்த அத்தையிடம் போய்க் கேமராவை நீட்டினாள்.

"மதினி, இந்தச் சிவப்புப் பட்டன அமுக்குனா எடுக்கும். திரும்ப அமுக்குனா நிக்கும். மாசத்துக்கு ஒருக்கா இவள எடுத்து வையுங்க. அடுத்த தடவ வரும்போது எனக்கு எம் புள்ள அடையாளம் தெரியணும்."

அத்தை கேமராவை வாங்கவில்லை. அம்மா அதைத் துவாயில் சுற்றி அலுமாரி மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். ஒன்றும் தெரியாதவங்க என்று கடையில் சொன்னது அத்தையைத்தான் என்று எனக்கு அப்போது பிடிபட்டது. அத்தைக்கும் ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். அவள் அன்று சோற்றைக் குழைய விட்டுவிட்டாள்.

ஆனாலும் அத்தைக்குச் சந்தேகம் தீரவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் புறப்பட்டாள். கேமராவைக் கூடைக்குள் வைத்து மேலே கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸை அடுக்கியிருந்தாள். "அந்தக் கடைக்காரரு வாயாலயே உண்மைய வாங்குறேன். நீ பக்கத்துல இருந்து கேளு" என்றாள். அம்மா குற்றவாளி என்று நிரூபிக்கத்தான் அவள் போனாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வழியில் இராணுவக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அப்போது யுத்தம், அது வழக்கம். ஒருவன் கூடையைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில், "மொக்கத மே?" என்றான். "கோவா மாத்தயா, கோவா" என்றாள் அத்தை. அவன் துவக்கின் நுனியால் மேல் கோவாவைத் தட்டிப் பார்த்தான். தமிழர்கள் கையில் கேமரா இருந்தால் பாலத்தை எடுத்தாயா, கரண்டு ஸ்டேசனை எடுத்தாயா என்று உள்ளே கொண்டு போகிற காலம். என் கையைப் பிடித்திருந்த அத்தையின் கை ஈரமாகிவிட்டது. அவன் அடுத்த பைக்குப் போனான். பஸ் ஏறிய பிறகும் அத்தை வெகு தூரம் என் கையை விடவில்லை.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அத்தை கேமராவை மேசையில் வைத்தாள். "இதுக்குள்ள ஒரு ஆளு இருக்காரு. யாருன்னு சொல்லுங்க."

நானாவுக்கு விளங்கவில்லை. கேமராவை எடுத்துப் பட்டனை அமுக்கி, கண் வைக்கும் துவாரத்தில் கண்ணை வைத்தார். கெசட்டைச் சுற்றி விட்டு விட்டுப் பார்த்தார். திடீரென்று அவர் விரல் நின்றது. கண்ணை எடுக்கவே இல்லை. கேமராவுக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு மட்டும் கொசு அளவுக்கு எங்களுக்குக் கேட்டது. அத்தை அவர் முகத்தை விட்டுப் பார்வையை நகர்த்தவில்லை. பொய் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானா கேமராவைக் கீழே வைத்தார். "என்ட மச்சான். தங்கச்சிட மாப்பிள்ள. மவுத்தாகி ஒரு வருசம். இது அவர்ட கேமராதான். வீட்டில இருக்க இருக்கத் தங்கச்சி அழுதிட்டே இருக்கா எண்டு நான்தான் எடுத்திட்டு வந்தேன். உள்ள இவர் இருக்கிறது அவவுக்கும் மறந்து போச்சு போல."

"அப்ப சிரிக்கிறது?"

"தங்கச்சி."

அத்தை விடவில்லை. "நீங்க சொன்னா எங்க தம்பி நம்ப மாட்டான். நானும் நம்பல. அவங்களையே கூட்டிட்டு வாங்க. அவங்க வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்."

இப்படி ஒரு துக்க வீட்டுக்காரரிடம் கேட்கலாமா என்று எனக்கே கூசியது. நானா கோபப்படவில்லை. "அவ வெளிய எங்கயும் போறதில்ல. கேட்டுப் பாக்கிறேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் டிஸ்பென்சரி ஐயா வீட்டு வாசலில் நின்றது. நானாவும், முக்காடு போட்ட மெலிந்த ஒரு பெண்ணும் இறங்கினார்கள். அத்தை அதற்கு முன்பே ஐயாவிடம் கெஞ்சி, லயத்தில் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள். அப்பாவை அவளே கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "நீயும் வந்து பாரு தம்பி. நானும் பாக்குறேன்." அம்மாவை ஐயாவின் சம்சாரம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். என்ன நடக்கப் போகிறது என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவள் கதவருகில் நின்றாள்.

வந்த பெண்ணுக்கு ஐயா தன் நாற்காலியைக் கொடுத்தார். அந்தப் பெண் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு டிவியை மட்டும் பார்த்தார். என் முதுகு வந்தது. என் ஜடை வந்தது. காவடி, குடை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். திரை கொதித்தது. வெள்ளைத் திரைபோட்ட ஜன்னல் வந்தது.

அந்தப் பெண் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அழப் போகிறார் என்று ஐயாவின் சம்சாரம் பக்கத்தில் போய் நின்றார். திரையில் அந்த மனிதர் தோடம்பழத் தோலை வெட்டினார். உதட்டுக்குள் செருகினார். கண்ணை உருட்டினார்.

அந்தப் பெண் சிரித்தார்.

டிவிக்குள்ளிருந்த சிரிப்பும் நாற்காலியிலிருந்த சிரிப்பும் ஒரே நேரத்தில் தொடங்கின. ஒரே இடத்தில் அடக்கப் பார்த்தன, ஒரே இடத்தில் மேலே ஏறின. எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. டிவியில் "போதும், வை அத" என்று வந்ததும் அது நின்றது. நாற்காலியில் நிற்கவில்லை. முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு அது அழுகையாக மாறியது.

தலைகள் எல்லாம் அம்மா பக்கம் திரும்பின. உடனே வேறு பக்கம் திரும்பின. பீலிக்கரையில் குடத்தை நகர்த்தியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அத்தை எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அவள் தோளும் அம்மாவின் தோளும் உரசும்படி நின்றாள், அவ்வளவுதான். அப்பா எங்கே பார்த்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அம்மா கெசட்டைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"ஒங்கட பிள்ளையும் இதுல இருக்கே" என்றார் அவர்.

"இருக்கட்டும். புள்ள எங்கிட்ட இருக்கா."

என் முதுகும் ஜடையும் இன்றைக்கும் ஹட்டனில் யாரோ ஒருவர் வீட்டில், அவர்களுடைய மனிதருக்கு முன்னால், ஒரு சிறிய கெசட்டில் கிடக்கலாம். அதைப் போட்டுப் பார்க்க இப்போது மெஷின்தான் இருக்காது. அம்மா மறுபடி குவைத்துக்குப் போகவில்லை. ஏஜென்சிக்காரன் இரண்டு தடவை ஆள் அனுப்பினான். பிறகு விட்டுவிட்டான். கேமராவுக்கு நானா வேறு கெசட் அனுப்பி வைத்தார். அதில் அத்தைகூட முகத்தை மூடாமல் நின்றாள். ஆனால் மூன்றாவது மழைக்கு அந்த லென்ஸிலும் வெள்ளை நூல் விழுந்துவிட்டது. அப்பா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து இல்லை. நம் அப்பாக்களை உங்களுக்கும் தெரியும்.

அன்று வேனை வழியனுப்ப மேல் ரோட்டு வரை எல்லோரும் நடந்தோம். மழை விட்டிருந்த நேரம். திரும்பி வரும்போது அப்பா யார் முகத்தையும் பார்க்க மனமில்லாமல் எங்களை முந்திக்கொண்டு வேகமாக இறங்கினார். வேட்டி, வெள்ளைச் சட்டை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானைத் தாண்டக் காலைத் தூக்கியவர் வழுக்கி, அப்படியே சேற்றுக்குள் உட்கார்ந்துவிட்டார். ஒரு செருப்பு மட்டும் உருண்டு செடிக்கடியில் போனது.

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஆடு தும்முவது போல, மூக்கால் வருகிற கட்டைச் சத்தம். ஒன்று, பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் ஆடின. அந்த வீடியோவிலிருந்த சிரிப்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அத்தை வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தாள். அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்து, அது முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.